மீன் தெரிகிறது, கடிக்கத்தான் மாட்டேன் என்கிறது

டொராண்டோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் சிம்கோ ஏரி வந்துவிடும். 722 சதுர கிலோமீட்டர் பரப்பு, மிக ஆழமான இடத்தில் 41 மீட்டர். குளிர்காலத்தில் அது உறைந்து கெட்டிப்பட்டதும் கெஸ்விக், ஜாக்சன்ஸ் பாயின்ட், பீவர்டன் கரைகளிலிருந்து ஆட்கள் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு ஏரியின் மேலேயே நடக்கத் தொடங்குவார்கள். ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் குடியேறிய ஈழத்தமிழர்களுக்கு இது பக்கத்து ஏரிதான். முன்பெல்லாம் அந்த வண்டியில் பனியைத் துளைக்கும் ஆகர், இரண்டு குட்டைத் தூண்டில்கள், இரைப்பெட்டி, ஒரு பிளாஸ்க் தேநீர் இவ்வளவுதான் இருக்கும். இப்போது அதன்மேல் லித்தியம் பேட்டரி, வண்ணத்திரை, ஒலியுணரி பொருத்திய நீளக் கம்பு, கேபிள் சுற்றிய கேமரா எல்லாம் ஏறிவிட்டன.

இந்தக் கருவிகளைப் பற்றி மூன்று கருத்துகள் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. இது விளையாட்டே இல்லை, ஏமாற்று வேலை என்கிறது ஒரு தரப்பு. மீன் வாயைத் திறந்தால்தானே பிடிபடும், கண்ணுக்குத் தெரிந்து என்ன லாபம் என்பது இன்னொரு தரப்பு. ஏரி காலியாகிவிடும் என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் எல்லாக் கருவிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. டயலில் மின்னும் பழைய ஃப்ளாஷரும், நீருக்குள் இறங்கும் கேமராவும், 2018 முதல் பரவிய முன்னோக்கு சோனாரும் வெவ்வேறு வேலை செய்பவை. முதல் இரண்டும் மீனவனை நின்ற இடத்தில் கெட்டிக்காரனாக்கின. மூன்றாவது அவனைத் துரத்துகிறவனாக்கியிருக்கிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

பனிக்கு அடியில் பார்த்துப் பிடிக்கும் ஆசை மின்சாரத்தோடு பிறந்ததல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வின்னபேகோ ஏரியில் பிப்ரவரி மாதம் ஸ்டர்ஜன் மீனை ஈட்டியால் குத்தும் பருவம் நடக்கிறது. பனியில் கதவளவு துளை வெட்டி, அதன்மேல் சன்னலே இல்லாத குடிலை நிறுத்திவிடுவார்கள். உள்ளே கும்மிருட்டு. வெளியே பனியின் வழியாக இறங்கிய பகல் வெளிச்சம் துளைக்குள் தெரியும் நீரைப் பச்சையாக ஒளிரவைக்கும். உட்கார்ந்திருப்பவரின் நிழல்கூட நீரில் விழாது, மீனுக்கு அவர் தெரியமாட்டார். மணிக்கணக்காக அந்தப் பச்சைச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரிய ஏரிகள் வட்டாரத்தின் ஒஜிப்வே மக்கள் மரத்தில் செதுக்கிய பொய்மீனைத் தொங்கவிட்டு இதே இருட்டு முறையில் மீன் குத்தி வந்தவர்கள். வின்னபேகோவில் பருவம் அதிகபட்சம் 16 நாள். குறித்த எண்ணிக்கை எட்டிவிட்டால் அதற்கு முன்பே மூடிவிடுவார்கள். அங்கே எத்தனை மீன் குத்துப்படும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நீரின் தெளிவுதான். தெளிவான ஆண்டில் சீக்கிரம் மூடல், கலங்கிய ஆண்டில் வெறுங்கையோடு பல குடில்கள். பார்வை கூடினால் பிடி கூடும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி தேவையில்லை. அங்குள்ளவர்கள் பார்வையைத் தடைசெய்யவில்லை, எண்ணிக்கையைத்தான் கட்டினார்கள் என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

சோனாரின் கதை போரில் தொடங்குகிறது. முதல் உலகப்போரின்போது நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க பிரான்சின் பால் லாஞ்செவான் குவார்ட்ஸ் படிகத்தைக்கொண்டு ஒலியலை எழுப்பினார். 1948இல் ஜப்பானின் ஃபுருனோ நிறுவனம் அதை வணிக மீன்பிடிப் படகுக்கு இறக்கியது. 1957இல் அமெரிக்காவின் லோரன்ஸ் குடும்பம் பொழுதுபோக்கு மீனவர் கையில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சிறியதாக்கியது. அதைத் தொடர்ந்து வந்த பச்சை நிறப் பெட்டி பிரபலமாகி, அந்த நிறமே அதன் பட்டப்பெயராகிவிட்டது.

பனிமேல் இன்றும் பலர் கைவிடாத ஃப்ளாஷர் அந்த வம்சம்தான். வேலை எளிது. துளைக்குள் தொங்கும் ஒலியுணரி கீழ்நோக்கி ஒரு துடிப்பை அனுப்புகிறது. உறைநிலைக்குச் சற்று மேலான நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,400 மீட்டர் ஓடும். பத்து மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப நொடியில் எழுபதில் ஒரு பங்குதான் ஆகும். திரும்பி வரும் எதிரொலியை வட்ட டயலில் வண்ணக் கோடுகளாகக் காட்டுகிறது: வெக்ஸிலார் கருவியில் மெலிந்த எதிரொலி பச்சை, நடுத்தரம் ஆரஞ்சு, வலுத்தது சிவப்பு. மீனின் சதைக்கும் நீருக்கும் ஒலியைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசமில்லை. எதிரொலியில் பெரும்பகுதி மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து வருகிறது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் இரண்டு இடத்தில் உதவும்.

ஃப்ளாஷரில் மீன்பிடிப்பது எப்படியிருக்கும்? அடித்தரை தடித்த சிவப்புப் பட்டை. அதற்கு ஒரு சாண் மேலே உங்கள் தூண்டில் மெல்லிய பச்சைக் கீறல். தூண்டிலை ஆட்டினால் கீறலும் ஆடும். திடீரென்று அடித்தரையிலிருந்து ஒரு கோடு பிரிந்து மேலே வரும், பச்சையாக ஆரம்பித்து ஆரஞ்சாகும். மீன் கூம்பின் நடுவுக்கு வருகிறது என்று அர்த்தம். தூண்டிலை மெதுவாக உயர்த்தினால் கூடவே வரும். நிறுத்தினால் அதுவும் நிற்கும். பிறகு மங்கி மறைந்துவிடும். கருவி இல்லாத காலத்தில் இதே மனிதர் இங்கே மீனே இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார். இப்போது அந்தச் சமாதானம் பறிபோய்விட்டது. மீன் வந்தது, பார்த்தது, வேண்டாமென்று போனது. தூண்டில் பெரிதா, ஆட்டம் அதிகமா, நிறம் சரியில்லையா என்று யோசித்தே ஆகவேண்டும். பனிமீன்பிடியில் இந்த அரை நூற்றாண்டில் ஏற்பட்ட கைத்திறன் வளர்ச்சியில் பெரும்பங்கு இந்த நிராகரிப்பு கண்ணில் பட்டதால் வந்தது என்றுதான் நினைக்கிறேன். மினசோட்டாவின் டேவ் ஜென்ஸ் 1980களில் இழுத்துச் செல்லும் கூடாரத்தையும் ஃப்ளாஷரையும் இணைத்து, ஒரே துளையில் குந்தியிருக்காமல் துளை மாறி உட்காரும் பாணியைப் பரப்பினார். இன்றைய பனிமீன்பிடியின் தகப்பன் என்று அவரை அங்கே சொல்வார்கள்.

அதன் குறைகளும் தெரிந்தவைதான். 20 பாகைக் கூம்பு பத்து மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கிறது. அந்த வட்டத்துக்குள் மீன் எந்தத் திசையில் நிற்கிறது என்று சொல்லாது. சரிவான தரையில், கூம்பின் மேட்டுப்பக்கம் முதலில் எதிரொலித்துவிடுவதால் பள்ளப்பக்கம் படுத்திருக்கும் மீன் சிவப்புப் பட்டைக்குள் புதைந்துவிடும். பக்கத்துத் துளைக்காரரின் கருவியும் அதே அலைவரிசையில் கத்தினால் டயல் முழுக்கத் தீபாவளி, குறுக்கீட்டைக் குறைக்கும் குமிழைத் திருக வேண்டும். ஒரு நல்ல உபாயம்: குமிழியில்லாத தெளிந்த பனியாக இருந்தால் துளையே போடாமல், மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒலியுணரியை வைத்தாலே ஆழம் தெரிந்துவிடும். காற்றுக்குமிழி இருந்தால் ஒலி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

1990களின் பிற்பகுதியில் மினசோட்டாவிலிருந்து வந்த அக்வா-வியூ கேமரா இன்னொரு திரையை விலக்கியது. சோனார் மீன் வந்ததைச் சொன்னது, அது என்ன செய்தது என்பதைக் கேமராதான் காட்டியது. மஞ்சள் பெர்ச் மீன் ஒன்று தூண்டிலருகே வருகிறது. கண்ணுக்கு நேராக நின்று பார்க்கிறது. கன்னத்தை உப்பி ஒரு வாய்த் தண்ணீரோடு தூண்டிலை உறிஞ்சுகிறது, மறுகணம் துப்பிவிடுகிறது. மேலே தூண்டில் கோலின் நுனி அசையவே இல்லை. தங்கூசியில் ஒரு சிலிர்ப்புக்கூட வரவில்லை. கரைப்பேச்சில் இன்னும் கடிக்கவில்லை என்று சொல்லப்பட்ட நேரத்தில் கீழே இரண்டு மூன்று முறை வாய்க்குள் போய்வந்திருக்கிறது. இதைப் பார்த்தவர்கள் கோலின் நுனியில் மெல்லிய கம்பிச் சுருளை மாட்டினார்கள், தங்கூசியை மெலிதாக்கினார்கள், கொக்கியைச் சிறிதாக்கினார்கள். கேமராவை வீட்டில் விட்டுவிட்டுப் போனாலும் அந்தப் பாடம் கையில் இருந்தது. கேமராவின் உண்மையான கொடை இதுதான். மீன் இருக்குமிடம் தேடுவதற்கு அது மோசமான கருவி.

சிம்கோவில் கேமராவுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. 1990களில் வந்தேறிய வரிக்குதிரைச் சிப்பிகள் தண்ணீரை வடிகட்டித் தெளிவாக்கிவிட்டன. சூழலியலாளருக்குக் கவலை, கேமராக்காரருக்குக் கொண்டாட்டம். 2004இல் ஏரியில் சேரும் பெஃபர்லா ஆற்றில் ரவுண்ட் கோபி தென்பட்டது. நம் உளுவை மீனின் உறவு, கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்திலிருந்து வந்தது. மறு ஆண்டு ஆற்றில் மீன்கொல்லி மருந்து கலந்து ஒழிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. இப்போது ஏரித்தரை முழுக்க அது ஊர்கிறது. கோபிக்குக் காற்றுப்பை கிடையாது. தரையோடு ஒட்டிக் கிடக்கும். எனவே சோனாருக்கு அது இல்லாத மீன். ஃப்ளாஷரில் ஒன்றுமே தெரியாமல் இரை மட்டும் காணாமல் போனால், கேமராவை இறக்கினால்தான் குற்றவாளி அகப்படுவான்.

ஆனால் கேமரா வெளிச்சத்துக்கு அடிமை. தெளிந்த பனி ஒளியைத் தாராளமாக விடும், மேலே ஒரு முழம் பனித்தூள் குவிந்தால் பகலிலேயே கீழே அந்தி. அகச்சிவப்பு விளக்கு போட்டாலும் நீர் அந்த ஒளியைச் சீக்கிரம் குடித்துவிடும், எட்டுவது சில அடிதான். வெள்ளை விளக்கு போட்டால் மிதக்கும் தூசியெல்லாம் பனிமூட்டம்போல் திரையை மறைக்கும். கேபிள் குளிரில் விறைத்து, கேமராவைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பும். இதைவிடப் பெரிய தொல்லை மனிதனுடையது. மீன் வாயைத் திறப்பதைக் கண்ணால் பார்த்ததும் கை தானாகச் சுண்டிவிடுகிறது. மீன் வாயை மூடும் முன்பே தூண்டில் வெளியே வந்துவிடும். பார்க்காமலிருந்தால் பிடித்திருக்கலாம்.

இனி அந்த மூன்றாவது கருவி. 2018இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப்பை வெளியிட்டது. லோரன்ஸும் ஹம்மின்பேர்டும் பின்தொடர்ந்தன. ஒரே ஒலியுணரிக்குப் பதில் பல சிறு உணரிகளை வரிசையாக வைத்து, அவற்றின் துடிப்புகளுக்கு இடையே நுண்ணிய நேர இடைவெளி விட்டால் ஒலிக்கற்றையை அசையாமலேயே திசைதிருப்பலாம். லைவ்ஸ்கோப் சுமார் 530 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1,100 கிலோஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. பழைய ஃப்ளாஷரின் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் ஏழு மில்லிமீட்டர் என்றால், இங்கே மேல்முனையில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே புள்ளி உருவமாகிறது, உருவம் நகர்கிறது, வாலை அசைத்துத் திரும்புவது வரை தெரிகிறது. இது கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் பார்க்கும். இன்ன மீன் என்று பெயர் சொல்லத் தெரியாது. கூட்டமாக நிற்பதையும் நீந்தும் தினுசையும் வைத்து ஆள்தான் ஊகிக்க வேண்டும்.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஒரு துளை போட்டு, கம்பை இறக்கி, சுற்றிலும் மெதுவாகத் திருப்புகிறார். வடகிழக்கில் இருபது மீட்டர் தள்ளி, எட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு கொத்து. கம்பின் கைப்பிடி காட்டும் திசையில் அடியெண்ணி நடந்து போய்த் துளைக்கிறார். அதற்குள் கூட்டம் நகர்ந்துவிட்டது. மறுபடி கம்பு, மறுபடி நடை. பேட்டரியில் ஓடும் ஆகர் வந்துவிட்டதால் துளை போடுவது நொடிக்கணக்கு வேலை. தூண்டில் நீருக்குள் இருக்கும் நேரத்தைவிட மீனைத் தேடும் நேரம் அதிகம். ஆனால் தூண்டில் இறங்கும்போது அது மீனின் கண் முன்னால்தான் இறங்குகிறது. காத்திருப்பு என்ற ஒன்று இந்த ஆட்டத்திலிருந்து கழன்றுவிட்டது.

ஏமாற்று என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. அது போட்டி நடத்துபவர்களின் தலைவலி, அவர்கள் கோடைக்காலப் பாஸ் மீன் போட்டிகளில் அதற்கு ஆளுக்கொரு மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் அமைப்பு முற்றாகத் தடுத்தது, இன்னொன்று நாளில் ஒரு பகுதிக்கு மட்டும் அனுமதித்தது, மற்றொன்று திரைகளின் அளவுக்கு வரம்பு வைத்தது. ஏரிக்கு முக்கியமான கேள்வி வேறு. முன்பு நடுநீரில், ஆழமான வெட்டவெளியில் மிதந்து திரியும் மீன்களை யாரும் தொடவில்லை. இரக்கத்தால் அல்ல, எங்கே துளைப்பது என்று தெரியாததால். மேடு, பாறை, களைச்செடி ஓரம் என்று அடையாளம் உள்ள இடங்களில்தான் துளை விழும். மினசோட்டா ஏரிகளின் ஆழப்படுகையில் குளிர்காலத்தில் கூடும் கிராப்பி, சிம்கோவில் நடுநீரில் திரியும் சிஸ்கோ, அதைத் தின்னும் லேக் ட்ரௌட் இவற்றுக்கெல்லாம் அந்த அறியாமையே வேலியாக இருந்தது. எந்தச் சட்டப்புத்தகத்திலும் எழுதப்படாத சரணாலயம் அது. முன்னோக்கு சோனார் அதைத்தான் திறந்துவிட்டது.

மீனைப் பிடித்துத் திரும்ப விட்டால் சரியாகிவிடாதா? அங்கேதான் காற்றுப்பை மறுபடி வருகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு. அங்கிருந்து விரைவாக மேலே இழுத்தால் பைக்குள் இருக்கும் வாயு இருமடங்காக விரியும். ட்ரௌட், வைட்ஃபிஷ், பைக் போன்றவற்றுக்குப் பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. ஏப்பம் விட்டுத் தப்பித்துக்கொள்ளும். பெர்ச், வாலை, கிராப்பி மீன்களுக்கு அந்தக் குழாய் இல்லை. வயிறு உப்பி, கண் பிதுங்கி, சில சமயம் இரைப்பை வாய்வழியே தள்ளி நிற்கும். துளைக்குள் விட்டால் பனியின் அடிப்பக்கத்தில் முட்டிக்கொண்டு மிதக்கும். நல்லபடியாக விட்டுவிட்டேன் என்று படம் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அது தெரியாது. குளிர்ந்த நீரில் பிடித்துவிட்ட மீன் பிழைக்கும் வாய்ப்பு கோடையைவிட அதிகம் என்பது உண்மைதான். அந்தச் சலுகையை ஆழம் தின்றுவிடுகிறது. போதாததற்குக் கழித்தல் இருபது பாகைக் காற்றில் செவுளும் கண்ணும் உறைய அதிக நேரம் வேண்டியதில்லை. சுமார் ஒன்பது மீட்டருக்குக் கீழே, திரும்ப விடும் எண்ணத்தோடு இவ்வகை மீன்களைப் பிடிக்காதீர்கள் என்று மினசோட்டா இயற்கைவளத் துறை சொல்லிவருவது இதனால்தான். அது அறிவுரை, சட்டமல்ல.

செத்த மீனைச் செத்ததாகவே எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு அதே மாநிலத்தின் மில் லாக்ஸ் ஏரி இருக்கிறது. 1837 ஒப்பந்தத்தின்படி ஒஜிப்வே மக்களுக்கு அங்கே மீன்பிடி உரிமை உண்டு என்று 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன்பின் மாநிலமும் பழங்குடிகளும் ஆண்டுக்கு எத்தனை எடை வாலை மீன் என்று பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். மாநிலத்தின் பங்கில், கொக்கியில் மாட்டித் திரும்ப விடப்பட்டு அதனால் இறந்ததாக மதிப்பிடப்படும் மீனும் கழிக்கப்படுகிறது. 2015 ஆகஸ்டில் பங்கு தீர்ந்து வாலைப் பருவத்தை இடையில் மூடினார்கள். உள்ளூர் விடுதிக்காரர்கள் கொதித்தார்கள். கணக்கு கொடூரமானதுதான், ஆனால் நேர்மையானது. என்ன கருவி என்று அது கேட்பதில்லை, எத்தனை செத்தது என்று கேட்கிறது.

இந்த இடத்தில் சிம்கோவுக்கு நியாயம் செய்ய வேண்டும். அதன் லேக் ட்ரௌட்டும் வைட்ஃபிஷ்ஷும் குறைந்தது தூண்டிலால் அல்ல. வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வந்த பாஸ்பரஸ் பாசியைப் பெருக்கி, பாசி அழுகி, ஆழநீரின் ஆக்சிஜனை உறிஞ்சியதால் இளங்குஞ்சுகள் தேறவில்லை. பல பத்தாண்டுகள் பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை, அடையாளத்துக்குத் துடுப்பை நறுக்கி, விட்டுக்கொண்டிருந்தார்கள். 2008இல் ஒன்டாரியோ இந்த ஏரிக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டது. சிஸ்கோ குறைந்தபோது 2001இல் அதைப் பிடிப்பதையே நிறுத்தி, 2015இல்தான் திறந்தார்கள். மெல்லத் தேறிவரும் ஏரி. நடுநீர்க் கூட்டங்களுக்கு மேல் இருந்த மறைப்பு விலகிய காலமும், சிஸ்கோ திரும்பிய காலமும் சற்றேறக்குறைய ஒன்றாகிவிட்டன.

என்ன விதி வேண்டும்? கருவித் தடையில் எனக்கு நம்பிக்கையில்லை. குடிலுக்குள் என்ன திரை ஓடுகிறது என்று பார்க்க ஒவ்வொரு கதவையும் தட்ட அதிகாரிகள் இல்லை. ஃப்ளாஷரையும் கேமராவையும் சேர்த்துத் தடுப்பது பாமரத்தனம். நாள் வரம்பைக் குறைப்பதும், காற்றுப்பைக் குழாய் இல்லாத மீன்களுக்கு ஆழ்படுகைகளைக் குளிர்காலத்தில் மூடுவதும் கரையிலிருந்தே கண்காணிக்கக்கூடியவை. பெர்ச் பன்னிரண்டு மீட்டரில் கொத்தாக நின்றால், வேண்டியதை எடுத்துக்கொண்டு தூண்டிலைச் சுற்றிவிட வேண்டும். பெரியதாகப் பொறுக்க, சின்னதைத் திரும்பத் திரும்ப மேலே இழுத்து விடுவதுதான் பெரிய சேதம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது கணக்கு. மீனவர் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பிடிக்கிறார் என்பதை வைத்து ஏரியில் மீன் எவ்வளவு என்று ஊகிப்பது பழைய வழக்கம். மீன் சிதறி இருந்து, மீனவர் குருட்டாம்போக்கில் தேடினால் அது ஓரளவு சரி. கூட்டம் எங்கே என்று கருவி காட்டிவிட்டால், நூறு கூட்டம் பத்தாகக் குறைந்தாலும் அந்தப் பத்தையும் கண்டுபிடித்து அதே வேகத்தில் பிடிக்கலாம். வரைபடம் ஒரே மட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஏரி இறங்கிக்கொண்டிருக்கும். கனடா இதை ஒருமுறை பார்த்துவிட்டது. நியூஃபவுண்ட்லாந்தின் காட் மீன் சரிந்துகொண்டிருந்தபோதும் சோனார் பொருத்திய பெரும் இழுவைக் கப்பல்களின் பிடிவிகிதம் உயர்வாகவே இருந்தது. மதிப்பீட்டாளர்களை ஏமாற்றியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. 1992 ஜூலையில் மீன்பிடியையே நிறுத்தவேண்டி வந்தது, பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். தூண்டில்காரர்கள் இழுவைக் கப்பல்கள் அல்ல, ஒப்பீட்டுக்கு அளவு உண்டு. ஏமாற்றும் விதம் மட்டும் ஒன்றுதான்.

ஒன்டாரியோவில் 2008 முதல் பல ஏரிகளில் ஒரே மாதிரி வலை போட்டு எண்ணும் திட்டம் நடக்கிறது. வலைக்குத் திரை கிடையாது, அதனால் அந்த எண் நம்பத்தக்கது. சிம்கோவில் குளிர்காலத்தில் பனிமேல் போய் மீனவர்களைக் கேட்டு எடுக்கும் நீண்டகாலப் பதிவும் உண்டு, இப்படியொரு தொடர் பல ஏரிகளுக்குக் கிடையாது. மணிக்கு எத்தனை மீன் என்ற அந்தத் தொடரை, துளையருகே வைத்திருந்தது வெறும் தூண்டிலா, ஃப்ளாஷரா, முன்னோக்கு சோனாரா என்று பிரித்து எழுதினால்தான் 2018க்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.